கொலையாளியின் பெயரைச் சொல்லாமல் ஒரு படத்தை எடைபோடுவது எப்படி?

சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது. மர்மப் படங்களுக்கும் குற்றப் புலனாய்வுத் தொடர்களுக்கும் அவர் விமர்சனம் எழுதத் தொடங்கியிருக்கிறார். முடிவைத் தொடாமல் எழுதினால் கதைச் சுருக்கமும், 'விறுவிறுப்பு', 'தொய்வு' என்ற இரண்டு சொற்களும் மட்டுமே மிஞ்சுகின்றன. முடிவைத் தொட்டாலோ படிப்பவர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். முடிவுக்காகவே எடுக்கப்பட்ட ஒரு படத்தை, முடிவைப் பற்றி வாய் திறக்காமல் எப்படி மதிப்பிடுவது என்கிறார்.

தம்பி, நான் சேலம் நீதிமன்றங்களில் குற்ற வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞன். அதற்கும் முன்பே, பழைய பேருந்து நிலையத்துக் கடைகளில் கயிற்றில் தொங்கிய மாத நாவல்களை வாங்கி, ராஜேஷ்குமாரையும் பட்டுக்கோட்டை பிரபாகரையும் சுபாவையும் ஒரே மூச்சில் படித்து வளர்ந்தவன். மர்மக் கதை என்பது பார்வையாளரோடு செய்துகொள்ளும் ஓர் ஒப்பந்தம் என்பது இந்த இரண்டு பழக்கங்களும் சேர்ந்து எனக்கு உணர்த்திய உண்மை. 'விடையை உன் கண் முன்னால்தான் வைப்பேன், ஆனால் நீ கவனிக்காத விதத்தில் வைப்பேன்' என்று படம் வாக்குக் கொடுக்கிறது. அந்த வாக்கு காப்பாற்றப்பட்டதா என்று சொல்வதுதான் விமர்சகரின் முதல் வேலை. அதைச் சொல்வதற்குக் கொலையாளியின் பெயர் தேவைப்படுவதே இல்லை.

இதை நான் ஒரு கெட்ட அனுபவத்தின் வழியாகக் கற்றேன். 1980-களின் நடுவில் 'புதிய பறவை' சேலத்தில் மறுபடியும் திரையிடப்பட்டபோது, மாலைக் காட்சிக்கான வரிசையில் நண்பனோடு நின்றிருந்தேன். பகல் காட்சி முடிந்து வெளியே வந்த ஒருவர், வரிசையில் நின்ற எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி படத்தின் முடிவை உரக்கச் சொல்லிவிட்டுப் போனார். நண்பன் சீட்டை விற்றுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். 1964-இல் தாதா மிராசி இயக்கிய அந்தப் படத்தில், தண்டவாளத்தில் ரயில் ஓடுவதைப் பார்த்ததும் சிவாஜி கணேசனின் கோபால் நிலைகுலைந்து நடுங்கும் காட்சி ஒன்று முதல் பாதியில் வருகிறது. அதற்கான காரணத்தைப் படம் பிறகுதான் சொல்கிறது. முடிவு தெரியாமல் பார்த்திருந்தால் அந்த நடுக்கத்தை மிகை நடிப்பு என்று நினைத்திருப்பேன். தெரிந்து பார்த்ததால் அந்த முகத்தின் ஒவ்வொரு அசைவுக்கும் கணக்கு இருப்பது புரிந்தது. முன்கூட்டியே முடிவைச் சொன்னவர்மீது எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு, ஏனென்றால் முதல் முறை பார்க்கும் இன்பம் ஒருவருக்கு ஒரே ஒருமுறைதான் கிடைக்கும். ஆனால், நல்ல மர்மப் படம் முடிவு தெரிந்த பிறகும் உயிரோடு இருக்கும் என்பதையும் அன்றுதான் கண்டேன்.

ஆகவே என் முதல் பரிந்துரை, எழுதப்போகும் படத்தை இரண்டு முறை பாருங்கள் என்பது. முதல் முறை எதையும் குறித்துக்கொள்ளாமல், மற்றவர்களைப் போலப் பாருங்கள். முடிந்ததும், கடைசி உண்மை வெளிப்பட்ட நொடியில் உங்களுக்கு வியப்பு வந்ததா, எரிச்சல் வந்ததா, 'அட, இதைத்தானே காட்டினார்கள்!' என்ற தவிப்பு வந்ததா என்று மட்டும் ஒரு வரி எழுதி வையுங்கள். மூன்றாவது உணர்வு வந்திருந்தால் அந்தப் படம் உங்களிடம் நேர்மையாக நடந்திருக்க வாய்ப்பு அதிகம். இரண்டாம் முறை கையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். குற்றவாளி முதன்முதலில் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறார், விடைக்குத் தேவையான தகவல்களில் எவை நம் கண்ணில் பட்டன, எவை துப்பறிபவருக்கு மட்டும் தெரிந்திருந்தன, எந்தக் காட்சி இப்போது பார்க்கையில் பொருந்தாமல் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். குறுக்கு விசாரணைக்கு முன்பு நாங்கள் சாட்சிகளின் வாக்குமூலங்களை அடுத்தடுத்து வைத்துப் படிப்பதும் இதே வேலைதான். ஒருவர் இரண்டு இடங்களில் இரண்டு விதமாகச் சொல்லியிருந்தால் அந்த இடத்தில்தான் வழக்கு இருக்கிறது.

நேர்மை என்று நான் சொல்வதை ஒரு படத்தை வைத்தே விளக்குகிறேன். வீணை எஸ். பாலசந்தர் இயக்கி, ஏ.வி.எம். தயாரிப்பில் 1954-இல் வெளிவந்த 'அந்த நாள்' ஒரு துப்பாக்கி வெடிப்போடு தொடங்குகிறது. 1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பானியர் குண்டு வீசிய நாள்களில், ரேடியோ பொறியாளரான ராஜன் தன் வீட்டிலேயே சுடப்பட்டுச் சாகிறான். சுட்டவரை நாம் பார்ப்பதில்லை. அதன் பிறகு மனைவி, தம்பி, தம்பியின் மனைவி, காதலி, அண்டை வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவராகத் தமக்குத் தெரிந்ததைச் சொல்கிறார்கள். சொல்லும்போது சந்தேகம் ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் நகர்கிறது. பாட்டு இல்லை, சண்டை இல்லை. திரைக்கதை எழுதிய ஜாவர் சீதாராமனே சி.ஐ.டி. அதிகாரியாக வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். இங்கே கவனிக்க வேண்டியது, நாம் பார்க்கும் பின்கதைகள் எல்லாம் யாரோ ஒருவர் வாயால் சொல்லப்படுபவை என்பதைத்தான். அவர்களில் ஒருவர் பொய் சொன்னாலோ, அரைகுறையாகப் பார்த்ததை முழுதாகப் பார்த்தது போலச் சொன்னாலோ, அது அந்த மனிதரின் பிழை, படம் செய்த ஏமாற்று ஆகாது.

இதற்கு நேர்மாறான படங்கள் நிறைய உண்டு. கதைக்குள் இருக்கும் எவரும் சொல்லாமல், எவருடைய நினைவாகவும் இல்லாமல், கேமரா தானாகவே ஒரு கடந்த காலக் காட்சியைக் காட்டுகிறது. கடைசியில் 'அப்படி நடக்கவே இல்லை' என்கிறது. கேமரா பொய்ச்சாட்சி சொல்லிவிட்டது என்று நான் இதைக் குறிப்பிடுவேன். ஹிட்ச்காக் 1950-இல் எடுத்த 'ஸ்டேஜ் ஃபிரைட்' படத்தில் ஒரு பொய்யான பின்கதைக் காட்சி உண்டு. அதுகூட ஒரு பாத்திரம் சொல்வதாகத்தான் வருகிறது, ஆனாலும் பார்வையாளர்கள் திரையில் கண்ணால் கண்டதை நம்பிவிட்டார்கள் என்பதால் பல ஆண்டுகள் அவர் அதற்காகக் குறைகூறப்பட்டார். அவ்வளவு கூர்மையான கோடு இது. விமர்சனத்தில் நீங்கள் 'படம் ஓரிடத்தில் பாத்திரங்களின் வாயால் அல்லாமல் தானே பொய் சொல்கிறது' என்று எழுதினால் போதும். எந்த இடம், எந்தப் பொய் என்று சொல்ல வேண்டியதில்லை. படம் பார்த்து முடித்தவர் தானே கண்டுபிடித்துத் தலையாட்டுவார்.

கேமராவைவிட அதிகமாகப் பொய் சொல்வது பின்னணி இசை. வீட்டு வேலைக்காரர் காப்பி டம்ளரோடு அறைக்குள் வருகிறார். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை, கையில் ஒன்றும் இல்லை, ஆனால் இசை மட்டும் அலறுகிறது. இது தவறான தடம் வைப்பது ஆகாது, ஆளைப் பிடித்து உலுக்குவது. தவறான தடம் என்றால் அந்த மனிதரிடம் உண்மையிலேயே மறைக்க ஏதோ ஒன்று இருக்க வேண்டும், அது கொலையாக இல்லாமல் வேறொன்றாக இருக்க வேண்டும். அவர் திருடியிருக்கலாம், காதலை மறைத்திருக்கலாம், பயந்திருக்கலாம். கடைசியில் அதற்கும் படம் பதில் சொல்ல வேண்டும். சந்தேகிக்கப்பட்ட ஒருவரை, குற்றவாளி கிடைத்ததும் அப்படியே மறந்துவிடும் படங்களை நான் குறைத்தே மதிப்பிடுவேன்.

இடைவேளை என்பது நம் படங்களுக்கே உரிய ஒரு கட்டாயம், இதையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும். படத்தின் நடுவில் விளக்குகளைப் போட்டு மக்களைத் தேநீர் குடிக்க அனுப்பும்போது அவர்கள் பேசிக்கொள்ள ஒன்று வேண்டும். ஆகவே பல மர்மப் படங்களில் நாம் ஒரு மணி நேரம் சந்தேகித்த ஆள் இடைவேளைக்குச் சற்று முன் செத்துப்போவார் அல்லது நிரபராதி என்று தெரியவரும். சில முறை பார்த்தவர்களுக்கு இந்த அச்சு பழகிவிடும். முதல் பாதியில் யார்மீது வெளிச்சம் விழுகிறதோ அவரை உடனே விட்டுவிடுவார்கள். இந்தக் கட்டாயத்தைத் தன் கதைக்குச் சாதகமாகத் திருப்பிக்கொண்ட படத்தைப் பாராட்டுங்கள். கார்த்திக் நரேன் தன் இருபதுகளின் தொடக்கத்திலேயே இயக்கி 2016-இல் வெளியான 'துருவங்கள் பதினாறு' எனக்குப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஓய்வுபெற்ற காவல் அதிகாரி ஒருவர் கோயம்புத்தூரில் நடந்த பழைய வழக்கு ஒன்றை ஓர் இளைஞனிடம் சொல்கிறார். அதில் பாட்டு இல்லை, நகைச்சுவைக்கென்று தனிப்பாதை இல்லை, வீணான நிமிடம் இல்லை. இரண்டாம் முறை பார்க்கும்போது முதல் பத்து நிமிடங்களின் வசனங்கள் வேறு பொருளில் ஒலிக்கும்.

எல்லா மர்மப் படத்தையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'யார் செய்தது' என்பது ஒரு வகை. 'செய்தது தெரியும், பிடிபடுவாரா' என்பது இன்னொரு வகை. 2015-இல் வந்த 'பாபநாசம்' இரண்டாம் வகை. அதில் ஒளித்துவைக்கப்பட்ட ஆள் எவரும் இல்லை என்று குறை சொல்வது பொருந்தாது. நம் ஊரிலேயே இந்த வேறுபாட்டுக்குப் பழைய சான்று இருக்கிறது. ஏற்காடு சாலையில் நுழைவு வளைவு மட்டும் மிஞ்சி நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தில் டி.ஆர். சுந்தரம் 1950-இல் எடுத்த 'திகம்பர சாமியார்', வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலிலிருந்து வந்தது. துப்பறிபவராக எம்.என். நம்பியார் வேடத்துக்கு மேல் வேடம் மாறி வருவார். யார் குற்றவாளி என்பது அங்கே கேள்வியே கிடையாது. துப்பறிபவர் எந்த வேடத்தில் எப்படி உள்ளே நுழைவார் என்பதுதான் சுவை. அதே நிறுவனம் பின்னாளில் ஜெய்சங்கரை வைத்து எடுத்த 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) போன்றவை சாகசப் படங்கள். தடயக் கணக்கை அவற்றில் தேடினால் படத்துக்கும் அநியாயம், உங்களுக்கும் நேரம் வீண். படம் எந்த வாக்குறுதியைக் கொடுத்தது என்று முதல் 20 நிமிடங்களில் தெரிந்துவிடும். அந்த வாக்குறுதியை வைத்தே அதைக் கேள்வி கேளுங்கள்.

சட்டமும் காவல் நடைமுறையும் எவ்வளவு சரியாக இருக்க வேண்டும் என்று என்னிடம் பலர் கேட்பதுண்டு. தவறு கதையின் ஓரத்தில் இருந்தால் விட்டுவிடலாம், முடிச்சே அந்தத் தவறின்மீது கட்டப்பட்டிருந்தால் விடக் கூடாது என்பது என் நிலைப்பாடு. ஏட்டின் தோள்பட்டையில் ஒரு பட்டை கூடக் குறைய இருந்தால் அதை எழுதி இடத்தை அடைக்காதீர்கள். ஆனால் இறுதிக் காட்சியில் காவல் அதிகாரி குற்றவாளியை அடித்து ஒப்புதல் வாக்குமூலம் வாங்கி, அத்துடன் வழக்கு முடிந்தது என்று படம் நிம்மதியாக மூச்சு விட்டால், அங்கே நிறுத்திக் கேளுங்கள். காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்க முடியாது. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 25-ஆம் பிரிவாக இருந்த இந்தப் பாதுகாப்பு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் 23-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. அவர் சொன்னதைக் கொண்டு ஒரு பொருள், உதாரணமாகக் கிணற்றில் போட்ட கத்தி, கண்டெடுக்கப்பட்டால் அந்தக் கண்டுபிடிப்போடு தொடர்புள்ள பகுதி மட்டும் ஏற்கப்படும். இந்த ஒரே விதியைச் சரியாகப் புரிந்துகொண்ட திரைக்கதையாசிரியருக்கு இறுதிக் காட்சி தானாகக் கூர்மையாகும், ஏனென்றால் ஒப்புதலோடு சேர்த்து ஒரு பொருளையும் அவர் தேட வேண்டியிருக்கும். அதேபோல, உண்மை கண்டறியும் மருந்தைக் கட்டாயப்படுத்தி ஊசியில் ஏற்றி வாக்குமூலம் வாங்கும் காட்சிகளும் செல்லாது. ஒருவரின் சம்மதம் இல்லாமல் அந்தச் சோதனையைச் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இலேயே, செல்வி வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது.

இடமும் காலமும் சரியாக இருக்க வேண்டும் என்பதில் நான் இன்னும் கண்டிப்பானவன். ஏற்காட்டில் நடப்பதாகச் சொல்லப்படும் கதை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மலையேறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் நகரத்திலிருந்து மேலே போய்ச் சேரச் சாதாரணமாக ஒரு மணி நேரம் ஆகும். குற்றவாளி சேலத்து ஐந்து ரோட்டில் எட்டரை மணிக்கு ஒருவரோடு பேசிவிட்டு ஒன்பது மணிக்கு ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சி முனையில் நிற்க முடியாது. இது உள்ளூர்க்காரர் பிடிக்கும் சின்னப் பிழை என்று தள்ளிவிடலாமா? 'அந்த நேரத்தில் நான் வேறிடத்தில் இருந்தேன்' என்பதுதான் அந்தக் கதையின் முடிச்சு என்றால், தள்ளிவிட முடியாது. மழைக்காலத்துப் பிற்பகலில் மலையில் மூடுபனி இறங்கினால், பத்தடிக்கு அப்பால் நிற்பவர் ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாமல் போகும். அதே மூடுபனியை அழகுக்காகத் திரை முழுக்க நிரப்பிவிட்டு, அதற்குள் தூரத்தில் ஓடியவரின் முகத்தைச் சாட்சி அடையாளம் காட்டினார் என்று ஒரு படம் சொன்னால் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவேன். எவ்வளவு தூரம், என்ன வெளிச்சம், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்பவை நேரில் கண்ட சாட்சியிடம் எந்த வழக்கறிஞரும் முதலில் கேட்கும் கேள்விகள். விமர்சகரும் அவற்றைக் கேட்கலாம்.

இறந்த நேரத்தைப் பற்றியும் இதே போன்ற ஒரு பிழை அடிக்கடி வரும். மருத்துவர் குனிந்து உடலைத் தொட்டுப் பார்த்து, 'இரவு 11 மணி 20 நிமிடம்' என்பார். எந்த மருத்துவரும் அப்படிச் சொல்ல மாட்டார். இத்தனை மணி நேரத்துக்குள் என்று ஒரு வரம்பைத்தான் சொல்வார், அதுவும் பல அடையாளங்களைச் சேர்த்துப் பார்த்துவிட்டு. வெயில் காலத்தில் உடல் விறைப்பு சீக்கிரம் வந்து சீக்கிரம் விலகும், குளிரில் மெதுவாக வந்து நீண்ட நேரம் நிற்கும். மே மாதச் சேலத்தில் கிடந்த உடலையும் டிசம்பர் இரவில் காப்பித் தோட்டத்தில் கிடந்த உடலையும் ஒரே கணக்கில் சேர்க்க முடியாது. இதைப் பிழையாக மட்டும் பார்க்காமல், தவறவிட்ட வாய்ப்பாகவும் பாருங்கள். அடிவாரத்திலும் மலையிலும் தட்பவெப்பம் வேறு என்ற ஒரே உண்மையை வைத்து ஒரு முழு மர்மக் கதை எழுதலாம்.

காவல் நிலையத்தின் அன்றாடத்தைச் சரியாகப் பிடித்ததற்காக நான் மனதாரப் பாராட்டும் தொடர், பிரசாந்த் பாண்டியராஜ் இயக்கத்தில் 2022-இல் வந்த 'விலங்கு'. திருச்சிப் பக்கத்துக் காவல் நிலையம் ஒன்றில் எழுத்து வேலையும், மேலதிகாரியின் அவசரமும், வீட்டுக் கவலையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருக்க, அவற்றுக்கு நடுவே புலனாய்வு நடக்கிறது. எங்கள் பக்கத்துக் காவல் நிலையங்களை உள்ளே போய்ப் பார்த்தவர்கள் அந்தக் களைப்பை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

தொடர்களுக்கு அளவுகோல் கொஞ்சம் மாறும். 'சுழல்', 'வதந்தி' இரண்டும் 2022-இல், எட்டெட்டுப் பகுதிகளாக வந்தன. முன்னதில் மயானக் கொள்ளைத் திருவிழா நாள்களில் ஒரு பெண் காணாமல் போகிறாள். பின்னதில் கன்னியாகுமரிப் பக்கத்தில் இறந்துபோன ஒரு பெண்ணைப் பற்றி ஊரே ஆளுக்கொரு கதை சொல்கிறது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஒரு கொக்கி தேவைப்படுவதால், பகுதிக்கு ஒருவர் என்று சந்தேகத்தைச் சுற்றவிடும் ஆபத்து தொடர்களுக்கு அதிகம். அப்படிச் சுற்றும்போது ஒவ்வொருவர் மூலமாகவும் ஊரைப் பற்றியோ இறந்தவரைப் பற்றியோ புதிதாக ஏதாவது தெரிகிறதா, அல்லது வெறுமனே ஆள் மாறுகிறதா என்று பாருங்கள். 'சுழல்' தொடரில் திருவிழாவின் ஒவ்வொரு கட்டமும் புலனாய்வின் ஒரு கட்டத்தோடு சேர்ந்து நகர்வது எனக்கு மிகவும் பிடித்தது. தொடரை முழுவதும் பார்க்காமல் முதல் இரண்டு பகுதிகளை வைத்து எழுதிவிடாதீர்கள். பாதி விசாரணையில் தீர்ப்பு எழுதுவது போன்றது அது.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப்படும் விஷயத்துக்கு வருகிறேன். இறந்தவரைப் படம் எப்படி நடத்துகிறது? நீதிமன்றத்தில் பிரேதப் பரிசோதனை அறிக்கையை வாசிக்கும்போது பின்வரிசையில் அந்தப் பெண்ணின் அம்மா உட்கார்ந்திருப்பார். அந்த நிலையில் ஒருமுறை நின்று வாசித்தவர்கள், கொல்லப்பட்ட சிறுமியின் உடலைக் கேமரா கால் முதல் தலை வரை மெதுவாகத் தடவிக்கொண்டு போகும் காட்சியைச் சகித்துக்கொள்ள மாட்டார்கள். 2018-இல் வந்த 'ராட்சசன்' பள்ளிச் சிறுமிகள் கடத்திக் கொல்லப்படும் கதை. இறுக்கத்தில் அதற்கு இணையான படங்கள் தமிழில் குறைவு. புலனாய்வின் ஒவ்வொரு படியும் அடுத்ததைத் திறக்கிறது. ஆனாலும் உடல்களைக் காட்டுவதில் அது இன்னும் பாதியாகக் குறைத்துக்கொண்டிருந்தாலும் அச்சம் குறைந்திருக்காது என்பது என் கருத்து. இந்தக் கருத்தை எழுத முடிவைத் தொட வேண்டியதே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

உடற்குறையையும் மனநோயையும் பாலின மாறுபாட்டையும் கொலைக்கான காரணமாக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் கதைகளையும், ஒரு சமூகத்தையே பிறவிக் குற்றவாளிகளாகக் காட்டும் கதைகளையும் விமர்சகர் பேசாமல் கடந்துபோகக் கூடாது. எச். வினோத்தின் 'தீரன் அதிகாரம் ஒன்று' (2017), நெடுஞ்சாலையோர வீடுகளில் கொள்ளையும் கொலையும் செய்த கும்பலைத் தமிழகக் காவல் துறை பல ஆண்டுகள் தேடிப் பிடித்த உண்மை நிகழ்வை அடிப்படையாகக் கொண்டது. கைரேகையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மாநிலம் மாநிலமாக அலையும் பகுதி, புலனாய்வின் சலிப்பையே சுவாரசியமாக்கிய அரிய சாதனை. ஆனால் கும்பலின் பூர்வீகத்தை விளக்கும் இடத்தில் அது தனி மனிதர்களின் குற்றத்தை ஒரு கூட்டத்தின் இயல்பாகச் சொல்லும் பக்கம் சாய்கிறது. 1871-இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1952-இல் நீக்கப்பட்டது. அதன் வடுவைச் சுமக்கும் குடும்பங்கள் தமிழகத்தில் இன்னும் இருக்கின்றன. படத்தின் திறமையையும் இந்தச் சாய்வையும் ஒரே கட்டுரையில் எழுதலாம், எழுத வேண்டும்.

கடைசியாக, எழுதும் முறை. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் முதலாளி இறந்துகிடக்கும் படம் ஒன்று வந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 'முதல் பாதியில் அப்பாவியாக வரும் மேஸ்திரியின் நடிப்பு இரண்டாம் பாதியில் மிரட்டுகிறது' என்று எழுதினால் பெயர் சொல்லாமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்கள். 'கடைசி 10 நிமிடத் திருப்பத்தை எவராலும் யூகிக்க முடியாது' என்பதும் வெளிப்பாடுதான். அதைப் படித்தவர் கதையை விட்டுவிட்டுத் திருப்பத்தையே வேட்டையாடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சிறு வேடத்தில் வரும் பெரிய நடிகரைத் தனியாகப் புகழ்வதும் அப்படியே. மாறாக இப்படி எழுதிப் பாருங்கள்: 'பழம் பறிக்கும் பருவம், காப்பிக் களத்தில் காயும் கொட்டை, கூலி கொடுக்கும் சனிக்கிழமை என்று தோட்டத்தின் நாள்கள் கதையில் ஒட்டாமல் வருவது போலத் தோன்றும். விடை வந்த பிறகு அவற்றில் ஒன்றுகூட வீணாக வரவில்லை என்று தெரிகிறது. ஆனால் காவல் அதிகாரி எடுக்கும் கடைசி முடிவுக்குத் தேவையான ஒரு தகவலை நமக்குச் சொல்லாமல் அவர் மட்டும் வைத்திருக்கிறார். அது ஒன்றுதான் உறுத்துகிறது.' இதில் எந்த ரகசியமும் இல்லை. ஆனால் அந்தப் படம் எவ்வளவு கவனமாக எழுதப்பட்டது, எங்கே வாக்குத் தவறியது என்ற இரண்டும் வாசகருக்குக் கிடைத்துவிடுகின்றன.

கதையைச் சொல்வதானால் முதல் கால்பகுதிக்கு மேல் போகாதீர்கள். அதற்கு மேல் விவாதிக்கத்தான் வேண்டும் என்றால், கட்டுரையின் கடைசியில் தனியாக, 'படம் பார்த்தவர்களுக்கு மட்டும்' என்று தெளிவாக எழுதி, சில வரிகள் இடம் விட்டுத் தொடங்குங்கள். பழைய படம் என்பதால் முடிவைச் சொல்லலாம் என்று சிலர் வாதிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1954-இல் வந்த படத்தையும் இன்று முதல்முறை பார்க்கப்போகும் ஒரு பதினேழு வயதுக்காரர் சேலத்தில் எங்கோ இருக்கத்தான் செய்கிறார்.

நீங்கள் எழுதியவற்றை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறீர்கள், அவசியம் அனுப்புங்கள். முதலில் 'அந்த நாள்' படத்தைப் பற்றி எழுதுங்கள். ஒருமுறை இரவில், விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். மறுநாள் நோட்டுப் புத்தகத்தோடு பார்க்கும்போது, சாட்சி சொல்பவர்கள் ஒவ்வொருவரும் எதை நேரில் பார்த்தார்கள், எதைக் கேள்விப்பட்டார்கள், எதைத் தாங்களே யூகித்துக்கொண்டார்கள் என்று மூன்று பத்திகளாகப் பிரித்து எழுதுங்கள். அந்த நோட்டுப் பக்கத்தையும் கட்டுரையோடு சேர்த்து அனுப்பினால், இரண்டையும் ஒன்றாக வைத்துப் படித்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.